பையில் போட்டுக்கொண்டு போக, புரதம் அதிகம் உள்ள தீனி எது? சோயா சாப்பிடலாமா?

தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் பசித்தால் பஜ்ஜி, பப்ஸ் என்று கை போய்விடுகிறது, பையில் வைத்தால் கெடாத புரதத் தீனி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே கேஸ்தான். காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்கு கம்பெனி பஸ், ஷிப்ட் முடிந்து திரும்பும்போது சூளகிரி தாண்டுவதற்குள் வயிறு இரைய ஆரம்பித்துவிடும்.

முதலில் ஒன்று. 100 கிராமுக்கு இத்தனை கிராம் புரதம் என்று போடுகிறார்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் உட்கார்ந்து 100 கிராம் தின்கிறார்கள்? ஒரு கைப்பிடி என்றால் சுமார் 30 கிராம், அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியில் 7 கிராமுக்குக் கொஞ்சம் மேல், பொட்டுக்கடலையில் 6 கிராம். அவித்த முட்டை ஒன்றிலும் அதே 6 கிராம்தான், ஆனால் நம் ஊர் ஏப்ரல் வெயிலில் காலையில் அவித்த முட்டையை மதியம் வரை பையில் வைத்திருப்பது வேண்டாம், ஒருமுறை நான் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து சீட்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் புரதக் கணக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். சாதம், பருப்பு, மோரிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும். தீனியில் ஒரு 10 கிராம் கிடைத்தால் போதும்.

கேழ்வரகு பிஸ்கட்டையும் புரதத் தீனி என்று யாராவது சொல்வார்கள். நான் களி தின்று வளர்ந்தவன், கேழ்வரகை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அதில் பெரிய விஷயம் சுண்ணாம்புச் சத்து, புரதம் 100 கிராமுக்கு 7 கிராம் அளவில்தான். கடலை மிட்டாயில் பாதிக்குப் பாதி வெல்லம். அதை மிட்டாய் என்றே நினைத்துச் சாப்பிடுங்கள்.

இனி சோயா. மீல் மேக்கர் பாக்கெட்டில் 52 கிராம் என்று போட்டிருக்கும், உண்மைதான், ஆனால் அது காய்ந்த உருண்டைக்கு. ஊறினால் எடை இரண்டரை, மூன்று மடங்கு ஆகிவிடும், அப்போது 100 கிராமில் 17, 20 கிராம்தான். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்வது அது. அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டா, மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கைத் திங்கிறியே" என்றார். யோசித்தால் அவர் சொன்னதும் தப்பில்லை. அதை டிபன் டப்பாவில் வறுவலாகக் கொண்டுபோகலாம், பையில் போட்டுக் கொறிக்க ஆகாது.

கொறிக்க முழு சோயா பீன்ஸ்தான் சரி. முதல் தடவை நான் ஊற வைக்காமல் அப்படியே வறுத்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் தம்பி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "அண்ணே, கிருஷ்ணகிரியில கிரானைட்டுக்குப் பஞ்சமா, இதை வேற தூக்கிட்டு வர்றீங்களே" என்றான். இப்போது ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் தோலைத் தேய்த்து எடுத்து, பழைய வேட்டித் துணியில் ஈரம் போக ஒரு மணி நேரம் உலர்த்தி, இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் அரை மணி நேரம் விடாமல் கிளறுகிறேன். முதலில் பச்சை வாடை வரும், அது போய் கடலை வறுக்கும் வாசனை வந்த பிறகு ஒன்றை எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள், நறுக்கென்று உடைந்தால் இறக்கிவிடலாம். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஏமாந்து கருக்கிவிடாதீர்கள். அரை ஸ்பூன் எண்ணெயில் கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், உப்பு போட்டு அதில் ஒரு புரட்டு. ஒரு கைப்பிடியில் தாராளமாக 10 கிராம் புரதம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மட்டும் சாப்பிடக் கூடாது, புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் அதில் இருக்கிறது, நன்றாகச் சூடுபட்டால்தான் அது அடங்கும்.

ஆண்கள் சோயா சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம், சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் ஆண் ஹார்மோன் குறைவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், மாத்திரை உடம்பில் சேர்வதை அது குறைக்கும். சோயா ஒவ்வாமை இருக்கிறவர்கள் தொடவே வேண்டாம்.

கடையில் விற்கும் சோயா ஸ்டிக்ஸ் வாங்குவதாக இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. நான் வாங்கிய ஒன்றில் மைதா முதலில், பாமாயில் அடுத்து, சோயா மாவு நாலாவது.

வறுக்க நேரம் இல்லாத வாரம் நான் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பாதிப் பாதி கலந்து எடுத்துக்கொள்கிறேன். வேர்க்கடலையில் பாதி எடை எண்ணெய் என்பதால் சின்ன டப்பாவாகப் பார்த்துப் போடுங்கள், பெரிய டப்பா என்றால் கிருஷ்ணகிரி வருவதற்குள் காலியாகிவிடும்.