மண்டி வேலை, ஞாயிறு பூசை, ஆயுத பூஜைப் பொரி: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: நான் ஆர்.சி. கிறிஸ்தவன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் லோடு வருவதால் பூசைக்குப் போக முடிவதில்லை. ஆயுத பூஜை அன்று தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து எல்லோருக்கும் பொரி கொடுக்கிறார்கள், சாப்பிடலாமா? என் மனைவி பெந்தெகொஸ்தே குடும்பத்துப் பெண். அதைத் தொடவே கூடாது என்கிறார். ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்கிறார்கள், பக்கத்து வீட்டில் கிடா விருந்துக்கும் கூப்பிடுகிறார்கள். அது போக, மண்டியில் எடையைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொல்வார்கள்; அது எல்லா இடத்திலும் நடப்பதுதான். விசுவாசத்துக்கு ஏற்றபடி அன்றாடம் வாழ நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. பூசை, பொரி, வரி, விருந்து என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, எடைச் சமாசாரத்தை ‘அது போக’ என்று கடைசியில் தள்ளிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் முதலில் பேச வேண்டியது அதுதான்.

நீங்கள் கேட்ட இதே கேள்வியை யோர்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கு யோவானிடம் மூன்று தரப்பினர் கேட்டார்கள் என்று லூக்கா 3ஆம் அதிகாரம் சொல்கிறது. “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்றுதான் கேட்டார்கள். பொதுமக்களிடம், இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார் யோவான். வரி வசூலிப்பவர்களிடம், குறித்த தொகைக்கு மேல் ஒன்றும் வாங்காதீர்கள் என்றார். படைவீரர்களிடம், யாரையும் மிரட்டிப் பிடுங்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள் என்றார். அவரவர் தொழிலில் கை எங்கே தவறுமோ அந்த இடத்தையே தொட்டுப் பேசினார். வேலையை விட்டுவிட்டு வா என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்து வரி வசூலில் கூடுதலாகப் பிடுங்குவதும் ‘எல்லா இடத்திலும் நடப்பதுதான்’. அதை அவர் ஒரு சமாதானமாக எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஆமோஸ். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இறைவாக்கினர். குருகுலத்தில் படித்தவர் அல்ல, ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். அவர் புத்தகம் 8ஆம் அதிகாரத்தில் சில வியாபாரிகள் வருகிறார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து, மரக்காலைச் சிறிதாக்கி, விலையை ஏற்றி, கள்ளத் தராசில் எப்போது விற்கலாம் என்று காத்திருக்கிறார்கள். ஓய்வுநாளை அவர்கள் மீறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கோயில் கடமையில் குறை வைக்காதவர்கள். கடவுளின் கோபம் அவர்கள் தராசின் மேல்தான். ஞாயிறு பூசை விட்டுப்போனதற்காக வருந்துகிற நீங்கள், திங்கட்கிழமை எழுதிய எடைச் சீட்டுக்காக அந்த அளவு வருந்தவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இனி மண்டிக்கு வருவோம். எடையில் கழிப்பதெல்லாம் திருட்டு என்று நான் சொல்லவில்லை. காய் அடுக்கி வருகிற கிரேட் பெட்டியின் எடையைக் கழிப்பது நியாயம். அடிபட்ட காய், அழுகல், காம்பு, இலை ஆகியவற்றுக்குக் கழிவு போடுவதும் வியாபார வழக்கம். பெங்களூரா ரக மாங்காய் எடுக்கிற மாங்கூழ் ஆலையும் மண்டிக்காரரிடம் தரம் பார்த்துத்தான் எடுக்கும். இவ்வளவு கழிவு என்று காயை இறக்கும் முன்பே விவசாயியிடம் சொல்லி, அவரும் சரி என்றால், அது கடுமையான பேரமாக இருக்கலாம், பொய் இல்லை. தராசில் ஒரு எண் விழுந்து, சீட்டில் வேறு எண் ஏறினால் அது வேறு. கேட்டால் ‘கழிவு போக’ என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுகிற பழக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

எதிரே நிற்பவர் நிலையையும் பாருங்கள். வேப்பனப்பள்ளியிலிருந்தோ பர்கூரிலிருந்தோ ராத்திரியே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார். பறித்த காயைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. வண்டி வாடகை ஓடுகிறது, பறிகூலி பாக்கி நிற்கிறது. சீட்டில் என்ன எழுதினாலும் வாங்கிக்கொண்டுதான் போவார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2409ஆம் பத்தியில், ‘களவு செய்யாதே’ என்கிற ஏழாம் கட்டளைக்கு எதிரானவை என்று சிலவற்றைச் சொல்கிறது. வியாபாரத்தில் ஏமாற்றுவது, நியாயமற்ற கூலி கொடுப்பது, அடுத்தவருடைய அறியாமையையோ இக்கட்டையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவது எல்லாம் அதில் வருகின்றன. அங்கே விலையை ஏற்றுவது, இங்கே எடையைக் குறைப்பது. பயன்படுத்தப்படுவது அதே இக்கட்டுதான்.

“நான் சம்பளக்காரன், முதலாளி சொன்னதை எழுதுகிறேன்” என்பீர்கள். அதில் பாதி உண்மை உண்டு. மண்டியில் மூட்டை தூக்குபவர், கணக்கு எழுதுபவர், முதலாளி மூவருக்கும் ஒரே அளவு பொறுப்பு இல்லை. தவறு நடக்கிற இடத்தில் வேலை பார்ப்பதும் அந்தத் தவறை உங்கள் கையால் செய்வதும் ஒன்றல்ல என்பது திருச்சபையின் பழைய போதனை. லோடு இறக்குபவர் முதல் வகை. பொய் எண்ணை எழுதுகிற பேனா உங்கள் கையில் இருப்பதால் நீங்கள் இரண்டாவது வகை. கட்டாயம் இருந்தால் குற்றத்தின் கனம் குறையும்; செயல் நல்லதாகிவிடாது.

அதற்காக நாளைக் காலையில் முதலாளி முன்னால் போய் நின்று பிரசங்கம் செய்ய வேண்டாம். சீசன் மும்முரத்தில், நாலு பேர் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுத்தால் காரியம் கெட்டுப்போகும். மண்டி ஓய்ந்திருக்கும் மாதத்தில், தனியாக இருக்கும்போது, ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். சீட்டில் இப்போது ஒரே எடைதான் இருக்கும். அதை மூன்று கட்டமாக்குங்கள்: மொத்த எடை, கழிவு, நிகர எடை. தராசின் எண் தெரிகிற பக்கத்தை விவசாயி நிற்கும் திசைக்குத் திருப்பி வையுங்கள். இதில் முதலாளிக்குப் பெரிய செலவில்லை. கழிவு எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். மறைக்க மட்டும் முடியாது. வியாபாரிக்குப் புரிகிற நியாயமும் உண்டு: கணக்கு நேராக இருக்கிற மண்டிக்கு விவசாயி தானாக வருவார், பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டி வருவார். சட்டத்தையும் மெல்ல நினைவூட்டலாம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வியாபாரத் தராசுக்கு முத்திரை வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? “எடைச் சீட்டை வேறு யாராவது எழுதட்டும்ங்க, நான் வங்கிக் கணக்கு, லாரி வாடகை, ஆலைப் பில் எல்லாம் பார்த்துக்கிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். கிடைக்கும் வரை இதை விட வேண்டாம். பிள்ளைகளைப் பட்டினி போட்டு நீங்கள் நேர்மையாளர் ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தேடுவது மட்டும் உண்மையான தேடலாக இருக்கட்டும். பேச்சோடு பேச்சாக இன்னொன்று: உங்கள் மண்டியில் செந்தூரா ரக மாங்காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தால், அங்கே விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. அது தடை செய்யப்பட்டது, தின்பவர் உடம்பைக் கெடுப்பது. எத்திலீன் வாயுவில் பழுக்க வைக்க அனுமதி உண்டு, அதைச் சொல்லுங்கள்.

இதுவரை எழுதிய சீட்டுகளுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் நீதி சரியாகாது என்கிறது அதே மறைக்கல்வி நூலின் 2412ஆம் பத்தி. இயேசுவைச் சந்தித்த வரி வசூல் தலைவர் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். அவர் ஆதாயம் அவர் பையில் இருந்தது. உங்கள் மண்டி ஆதாயம் முதலாளியிடம் இருக்கிறது. உங்கள் பங்காக இனாமோ கமிஷனோ வந்திருந்தால் அதுவே உங்கள் கடன். யாருடையது என்று தெரிந்தால் அவருக்கே சேர வேண்டும். தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைத் தொகையோடு சொல்லுங்கள். ‘சின்னச் சின்ன பொய்’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட வேண்டாம்.

சரி, இப்போது பொரிக்கு வருவோம். இதில் உங்களைவிட அதிகம் குழம்பியவர்கள் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள். கோயிலில் படைத்த இறைச்சி அங்கே சந்தைக்கும் வரும், விருந்துக்கும் வரும். திருத்தூதர் பவுல் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரங்கள் இதற்கே செலவிட்டிருக்கிறார். கோயில் பந்தியில் உட்காராதே என்றார். சந்தையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்றார். பிற மதத்தவர் விருந்துக்குக் கூப்பிட்டு, போக மனமிருந்தால், வைத்ததைச் சாப்பிடு. ஆனால் ஒருவர் “இது படையல்” என்று சொன்னால், அவருக்காகச் சாப்பிடாதே என்றார்.

ஆயுத பூஜை அன்று தராசைத் துடைத்துக் கொடுங்கள், மரியாதையோடு நில்லுங்கள், போனஸை வாங்கிக்கொள்ளுங்கள். ஆரத்தித் தட்டை எடுக்கச் சொன்னால், “எங்க வழக்கத்துல இல்லைங்க, தப்பா நினைக்காதீங்க” என்றால் போதும். ஸ்வீட் மாதிரி மேசைக்கு மேசை வைக்கிற பொரியையும் கடலையையும் சாப்பிடுவதில் எனக்குத் தடை தெரியவில்லை. படத்துக்கு முன்னால் படைத்ததைப் பிரசாதம் என்று சொல்லிக் கையில் கொடுத்தால், இதே சொற்களைச் சொல்லிப் பணிவாக மறுக்கலாம். வாங்கிக்கொண்டு போய் யாருக்கும் தெரியாமல் குப்பையில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப்போல அவமரியாதை வேறில்லை.

உங்கள் மனைவி விஷயத்தில் நீங்கள் ஜெயிக்க ஒன்றுமில்லை. உரோமையர் 14ஆம் அதிகாரம் இப்படிப்பட்ட வீட்டுக்காகவே எழுதியது போல இருக்கும்: உன் உணவால் உன் சகோதரரின் மனம் புண்பட்டால் நீ அன்பின் வழியில் நடக்கவில்லை என்கிறார் பவுல். மண்டியில் நீங்கள் சாப்பிடுவது உங்கள் மனச்சான்றைப் பொறுத்தது. அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரிப்பது வம்பு.

கிடா விருந்துக்குக் கட்டாயம் போங்கள். கறியை மறுத்தால் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள், வீட்டுக்கே வராமல் இருந்தால் மனம் நோகும். கோயிலில் வெட்டியது என்று அவர்களே சொன்னால் சாதமும் ரசமும் போதும் என்று சொல்லி, பந்தியில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். கோவிலூர், எலத்தகிரி மாதிரிப் பழைய கிறிஸ்தவ ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் அவ்வளவாகத் தெரியாது. ஊருக்குள் ஒற்றைக் குடும்பமாக இருக்கிற உங்களுக்கு அக்கம்பக்கம்தான் சொந்தபந்தம்.

தலைக்கட்டு வரியையும் அப்படியே பாருங்கள். பாதை, தண்ணீர், பந்தல், அன்னதானம் ஆகியவை ஊர்ப்பொது. வரி எழுத வரும் முன்பே ஊர்க்கவுண்டரைப் பார்த்து, “என் பங்கை அன்னதான அரிசிக்கு வைச்சுக்குங்க” என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தெருவில் வைத்துத் தகராறு செய்து மறுப்பது சாட்சியம் ஆகாது.

கடைசியாக ஞாயிறு. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247ஆம் சட்டம் ஞாயிறு பூசையைக் கடமை என்கிறது. அடுத்த 1248ஆம் சட்டம், முந்தின நாள் மாலைப் பூசையில் பங்கெடுத்தாலும் அந்தக் கடமை நிறைவேறும் என்கிறது. கனமான காரணத்தால் முடியாமல் போனால் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடச் சொல்கிறது. பறித்த மாங்காய் திங்கட்கிழமை வரை காத்திருக்காது. கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளில் தூக்க மாட்டீர்களா என்று இயேசுவே கேட்டார். ஆகையால் சீசன் வேலைக்காகக் குற்ற உணர்ச்சியில் உழல வேண்டாம். ஆனால் சீசன் ஏப்ரல், மே தொடங்கி ஜூலையோடு ஓய்ந்துவிடும். ஆகஸ்டிலும் பூசைக்குப் போகவில்லை என்றால் காரணம் மாங்காய் இல்லை. உங்கள் பங்கிலோ கிருஷ்ணகிரியிலோ சனிக்கிழமை மாலைப் பூசை எத்தனை மணிக்கு என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மார்ச்சிலேயே முதலாளியிடம், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மாறி மாறிப் போய்வர ஏற்பாடு கேளுங்கள். கேட்கும்போது லோடு இறக்குபவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களுக்கும் வாரத்தில் ஒரு பொழுது ஓய்வு வேண்டும், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி.