பழைய கார் இன்ஜின்: அரை வேலையா, முழு வேலையா?

கேள்வி: ஐயா, என் பழைய காரின் இன்ஜின் ஆயில் குடிக்கிறது, நீலப் புகையும் வருகிறது. முழு இன்ஜின் வேலை செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: புகை எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கியபின் மீண்டும் மிதிக்கும்போது மட்டும் குப்பென்று வந்து அடங்கினால், பெரும்பாலும் வால்வு கைடும் (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) அதன் ஆயில் சீலும்தான் காரணம். ஹெட் (வால்வுகள் உள்ள மேல் பகுதி) வேலையோடு முடிந்துவிடலாம். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங்கையும் (பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரை அடைக்கும் வளையம்) சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்பார்க் பிளக் அனைத்தையும் கழற்றிவிட்டுக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளந்து, பிறகு சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது; ஏறாவிட்டால் வால்வையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ரிங் மட்டும் மாற்றினால் செலவு குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: சிலிண்டரை அளக்காமல் இதற்குப் பதில் சொல்வது தவறு. மேல் ரிங் ஏறித் திரும்பும் இடத்தில்தான் சிலிண்டர் அதிகம் தேயும். அதற்கு மேலே தேயாத விளிம்பு ஒன்று நிற்கும். புதிய ரிங் அந்த விளிம்பில் இடித்தால் உடைந்துவிடும். வட்டம் நீள்வட்டமாகியிருந்தால் எவ்வளவு நல்ல ரிங்கும் அடைக்காது. தேய்மானம் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் இருந்தால், விளிம்பை எடுத்து, ஹோனிங் செய்து (சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கி), ரிங் மாற்றுவது முறையான வேலையே. வரம்பைத் தாண்டிவிட்டால் போரிங் செய்து (சிலிண்டரைப் பெரிதாக வெட்டி) அதற்கேற்ற பெரிய, அதாவது ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதுதான் வழி.

பழைய பிரிட்டிஷ், அமெரிக்க இன்ஜின்களுக்கு 0.020, 0.030, 0.040 அங்குல ஓவர்சைஸ்களும், மெட்ரிக் இன்ஜின்களுக்கு 0.25, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ்களும் வழக்கமானவை. பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடல்) லேத் பட்டறைக்குக் கொடுங்கள்; வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசி அளவு வரை ஏற்கெனவே போரிங் ஆகியிருந்தாலும் பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டாம். லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் உலோகக் குழாய்) இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். காரோடு பிறந்த எண் கொண்ட பிளாக் என்றால் அந்தச் செலவு நிச்சயம் தகும்.

கேள்வி: இரண்டு பட்டறைகள் தந்த மதிப்பீடுகளுக்கு இடையே மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது. யாரை நம்புவது?

பதில்: ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் சொல்லியிருக்கலாம். கிராங்க் கிரைண்டிங் (கிராங்க்ஷாஃப்ட்டைத் தேய்த்துச் சீராக்குவது), அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் (சிறுத்த கிராங்குக்குரியது), விரிசல் சோதனை, கனெக்டிங் ராட் வளையாமல் நேராக இருக்கிறதா என்ற சோதனை, கேம்ஷாஃப்ட், ஆயில் பம்ப், டைமிங் செயின், ஹெட் ஸ்கிம்மிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்வது) ஆகியவற்றில் எவை சேர்ந்தவை, எவை சேராதவை என்று எழுத்தில் கேளுங்கள். பிரிப்பதற்கு முன் சொல்லும் தொகை ஊகமே. கழற்றி, கழுவி, அளந்த பிறகு சொல்வதுதான் மதிப்பீடு. அதன் மேலும் மூன்றில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள் என்பது என் யோசனை. விரிசல் விட்ட பிளாக்கும், இனி கிரைண்டிங் தாங்காத கிராங்கும், கிடைக்காமல் புதிதாகச் செய்விக்க வேண்டிய பிஸ்டனும்தான் கணக்கைக் கவிழ்க்கின்றன. இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்சையும் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஈயமில்லாத பெட்ரோலுக்காக ஹெட்டில் மாற்றம் தேவையா?

பதில்: வால்வு மூடும்போது அமரும் இடம்தான் சீட்; ஈயமில்லாத பெட்ரோலில் மென்மையான சீட் சீக்கிரம் தேயும். வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய சீட் என்றால், ஹெட்டைத் திறந்த சமயத்திலேயே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. அலுமினிய ஹெட்டில் தனி சீட் ஏற்கெனவே இருக்கும்.

கேள்வி: வேலை முடிந்த இன்ஜினை முதலில் எப்படி ஓட்ட வேண்டும்?

பதில்: ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயில் பிரஷர் ஏறியிருக்க வேண்டும். புதிய கேம்ஷாஃப்ட் போட்டால் டேப்பெட்டுகளும் (கேம்ஷாஃப்ட்டின் மேல் அமர்ந்து வால்வைத் தள்ளும் பாகங்கள்) புதியவையாகவே இருக்கட்டும். தட்டையான டேப்பெட் கொண்ட இன்ஜின் என்றால், துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ள ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கி ஓட விடுங்கள். ரிங் படிய மிதமான சுமை வேண்டும். ஐடிலில் நெடுநேரம் நிறுத்தி வைத்தால் சிலிண்டர் சுவர் பளபளப்பாகி ரிங் படியாமலே போகலாம். முதல் 800 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.