கொடைக்கானல் – மூணாறு எஸ்கேப் ரோடு ஏன் மூடப்பட்டது?

கொடைக்கானலில் இருந்து மூணாறுக்குக் காட்டு வழியாக நேர் சாலை இருந்ததா, ஏன் மூடினார்கள், மறுபடி திறப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருந்தது. மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் அதற்கு எஸ்கேப் ரோடு என்றே பேர். கொடைக்கானல், பேரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன், மூணாறு என்று சுமார் 80 கிலோமீட்டர். இன்று பெரியகுளம், தேனி, போடி என்று அடிவாரத்துக்கு இறங்கி, போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாகச் சுற்றினால் ஏறக்குறைய இரட்டிப்பு தூரம்.

டாப் ஸ்டேஷன் என்ற பேரே ரயிலால் வந்தது. 1902-இல் மூணாறிலிருந்து அங்கே ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-இல் அதைக் குறுகிய அகல ரயில்பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ரோப்வேயில் கொட்டக்குடிக்கு இறங்கும், பிறகு போடிக்குப் போகும். 1924 வெள்ளம், கொல்லம் ஆண்டுக் கணக்கில் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம், ரயிலை வாரிக்கொண்டு போய்விட்டது. அதன்பின் சாலைதான் கதி.

1942-இல் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையில் ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். அப்படி ஒரு நிலை தெற்கே வந்தால் கொடைக்கானல் ஏறி, மலை மேலேயே கொச்சிப் பக்கம் போய்க் கப்பல் பிடிக்கலாம் என்பதுதான் வெள்ளைக்காரர்கள் போட்ட திட்டம். ஏற்கெனவே இருந்த மலைப்பாதையை அதற்காகச் செப்பனிட்டார்கள். ஜப்பான்காரன் வரவில்லை, சாலை நமக்கு மிஞ்சியது. "கொடைக்கானல்ல விடியக் கெளம்புனா மத்தியானச் சோறு மூணாறுலதான்" என்பார் ஜீப் ஓட்டிய என் பெரியப்பா.

1990 வாக்கில் இரண்டு மாநிலங்களுக்கும் இடையே தகராறு வந்து சாலையை மூடினார்கள். என் பார்வையில், சாலை அழிந்துபோனதற்கு, மூடியதைவிட மூடிய பிறகு யாரும் கேட்காமல் விட்டதுதான் பெரிய காரணம். தப்பி ஓடுவதற்குப் போட்ட சாலை. அதை நம்பிப் பெரிய ஊரோ சந்தையோ வளரவில்லை. வருடா வருடம் மழையில் கரை சரிந்தது, அள்ள ஆள் இல்லை. உள்ளே கல் அடுக்கிய ஓரச்சுவர் பாசி பிடித்து இன்னும் நிற்கிறது; ஜல்லியைப் பிளந்துகொண்டு வாட்டில் மரம் முளைத்திருக்கிறது, யானை விட்டை கிடக்கிறது.

மறுபடி திறப்பது லேசில்லை. கேரளப் பக்கம் 2003-இல் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா வந்தது, தமிழ்நாட்டுப் பக்கம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். சுற்றுலாவுக்காகத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து. சீசன் நாளில் மூணாறு டவுனில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தவன் எவனும் அந்தக் கூட்டத்தைச் சோலைக்காட்டுக்குள் விடச் சொல்ல மாட்டான்.

ஆனால் கேரளப் பக்கத்து மலை ஊர்களான வட்டவடை, கோவிலூர்க்காரர்களின் நிலை வேறு. மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கிளாவரை, மன்னவனூர், பூம்பாறை. இங்கேயும் தமிழ், அங்கேயும் தமிழ். இரண்டு பக்கமும் விளைவது மலைப்பூண்டு. இரண்டுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு சாவுக்குப் போக இவர்கள் போடி வரை இறங்கிச் சுற்ற வேண்டியிருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும், பகலில், வனத்துறைக் கண்காணிப்பில் ஒரு சின்ன வழி விடுவதைப் பற்றி இரு அரசுகளும் உட்கார்ந்து பேசலாம். அதைக் கேட்பதை நான் விடமாட்டேன்.