கேள்வி பதில்: பிரித்துக் கோர்த்த பைக்கை விற்பது எப்படி?

கேள்வி: மலைப்பாதையில் ஓட்ட வாங்கிய என்னுடைய பழைய யமஹா ஒய்இசட் 250 டூ-ஸ்ட்ரோக் பைக்கின் எஞ்சினைச் சென்ற ஆண்டு முழுவதும் பிரித்து, பிஸ்டன், ரிங், கிராங்க், பேரிங் அனைத்தையும் புதிதாகப் போட்டேன். ஆனால் 'ரீபில்ட்' என்று விளம்பரம் செய்ததும், "கோட் 3 வண்டியா?" என்று கேட்டு எல்லோரும் பின்வாங்குகிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?
— வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முதலில் 'ரீபில்ட்' என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து நீக்கிவிடுங்கள். தென்னாப்பிரிக்க வாகனப் பதிவேட்டில் கோட் 2 என்பது ஏற்கெனவே பயன்படுத்திய வண்டி. கோட் 3 என்பது விபத்து முதலியவற்றால் கழிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் கட்டப்பட்டு, போலீஸ் சோதனைக்குப் பிறகு பதிவான வண்டி. எஞ்சினைப் பிரித்துக் கோர்த்ததால் மட்டும் எந்த வண்டியும் கோட் 3 ஆகிவிடாது. வண்டியைப் பார்க்க வருபவரிடம் பதிவுச் சான்றிதழை நேரில் காட்டி, அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருப்பவற்றோடு ஒத்துப்போவதை அவரே சரிபார்க்கட்டும்.

விளம்பரத்தில், மாற்றிய உறுப்புகளின் பெயரையும், அதன் பிறகு எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் எழுதுங்கள். இவ்வகை பைக்குகளுக்குக் கிலோமீட்டரைவிட மணிக்கணக்கே பேசும். உதிரிபாக ரசீதுகளையும், கழற்றிய பழைய பிஸ்டனையும் எடுத்து வைத்திருந்தால் நல்லது. செலவழித்த ராண்ட் முழுவதும் விலையில் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அந்த ஆசையால் மாதக்கணக்கில் கராஜில் தூங்கும் வண்டிகள் ஏராளம்.

பார்க்க வருபவர் வருமுன் எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம். விஷயம் தெரிந்தவர் குளிர்ந்த எஞ்சின் எத்தனை உதையில் எழும்புகிறது என்பதைத்தான் கவனிப்பார். அவர் ஜோகன்னஸ்பர்க்காரராக இருந்தால், டர்பன் கடல்மட்டத்துக்கேற்ற கார்புரெட்டர் ஜெட்டுகளை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைகள்) அங்கே சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள். காற்று மெலிந்த இடத்தில் பெட்ரோல் மிகுந்து, எஞ்சின் அடைத்துக்கொண்டு ஓடினால், பழி நீங்கள் செய்த வேலையின்மேல் விழும்.

ஒப்பந்தத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது 'உள்ளது உள்ளபடியே', என்று எழுதிக்கொள்ளலாம். தொழிலாக இன்றித் தனிப்பட்ட முறையில் விற்பவருக்கு அது பாதுகாப்பு. ஆனால் தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்திருந்தால் அது கைகொடுக்காது. ஆகவே முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும் எழுத்திலேயே குறிப்பிட்டுக் கையொப்பம் வாங்குங்கள்.

பணம் வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தியை நம்பி வண்டியை ஒப்படைக்காமல், உங்கள் வங்கிக் கணக்கில் தொகை சேர்ந்ததைப் பார்த்த பிறகே கொடுங்கள். அதன்பின் உரிமை மாற்ற அறிவிப்பான என்சிஓ படிவத்தை நிரப்பி, நீங்களே பதிவு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். வாங்கியவர் செய்வார் என்று விட்டால், உரிமக் கட்டணப் பாக்கி உங்கள் பெயரிலேயே ஏறிக்கொண்டிருக்கும்.