குஜராத்தின் கிர் காட்டைத் தாண்டியும் ஆசியச் சிங்கங்கள் பிழைத்திருக்க முடியுமா?

முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒருகாலத்தில் ஈராக், ஈரான் தொடங்கி வட இந்தியா வரை திரிந்த விலங்கு அது. அதைத் தீர்த்துக்கட்டியதில் பெரும்பங்கு துப்பாக்கிக்கு. புலி அடர்காட்டில் பதுங்கிவிடும். சிங்கமோ திறந்த வெளியில் கூட்டமாகத் திரியும். வேட்டைக்காரனுக்கு அதைவிட எளிய குறி ஏது? போதாக்குறைக்கு உழவு பரவப் பரவ இரையும் குறைந்தது.

கிர் அடங்கிய ஜூனாகத் சமஸ்தானத்தின் நவாப்கள் வேட்டையைக் கட்டுப்படுத்தியதால்தான் கிர் தப்பியது. அதே கட்டுப்பாட்டை மத்திய இந்தியாவில் இன்னும் இரண்டு சமஸ்தானங்கள் அன்றே கொண்டுவந்திருந்தால், இன்று ஒரே மாநிலத்தில் எல்லாம் முடங்கியிருக்காது.

பரவும் திறன் சிங்கத்துக்கு இன்னும் இருக்கிறது. 2025 கணக்கெடுப்பில் 891. அதில் பாதிக்கு மேல் கிர் தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே. குஜராத்திலேயே உள்ள பர்டா சரணாலயத்துக்கு 2023-இல் ஓர் ஆண் சிங்கம் தானாகவே நடந்துபோனது! கால்நடை இழப்புக்கு அரசு இழப்பீடு தருவதும், மால்தாரி மேய்ப்பர்களின் சகிப்பும் இதற்குக் கைகொடுக்கின்றன.

மனிதர்தான் தாமதிக்கிறோம். மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குச் சில சிங்கங்களை மாற்ற உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டது. 2018-இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் கிர் சிங்கங்களைக் கொன்றபோதும் வேகம் பிறக்கவில்லை. 2022-இல் குனோவுக்கு வந்தவை நமீபியச் சிவிங்கிப்புலிகள். நம் ஊர்ச் சிறுத்தை அல்ல, சீட்டா.