முட்டம் பாறையில் ஒரு குப்பிக் காற்று: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தமுறை வந்த கேள்விகளில் பாதி, "எங்கள் ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது?" என்ற ஒரே கேள்விதான். நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21, ஆர்கான் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதுபோக மிஞ்சும் துளியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது: கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்பாறையில் நின்று குப்பியில் காற்றுப் பிடித்து, அதிலுள்ள வாயுக்களை அளக்க ஆய்வகத்துக்கு அனுப்புவது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. இதைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

பள்ளிக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கினோம். மைதானத்தில் 430 காட்டுகிறது, ஒன்பதாம் வகுப்பில் மதியத்துக்கு மேல் 1,900. காற்று கெட்டுவிட்டதா சார்? (ஆசிரியை, தக்கலை)

மழைக்கு ஜன்னலைச் சாத்தியிருப்பீர்கள் டீச்சர். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் கார்பன் டை ஆக்சைடு. ஐம்பது பிள்ளைகள் மூடிய அறையில் இரண்டு மணி நேரம் இருந்தால் 1,900 வராமல் என்ன செய்யும்? அது விஷம் இல்லை. ஆனால் அறைக்குள் புதுக் காற்று போதவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து வைத்துவிட்டு எண் இறங்குவதைப் பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள்.

மைதானத்து 430 நம்பக்கூடிய எண்தான். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315 பிபிஎம் இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். இந்த மீட்டர்கள் பெரும்பாலும் தாங்கள் கடைசிச் சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று தாங்களாகவே வைத்துக்கொள்ளும். வகுப்பறையிலேயே பூட்டி வைத்தால் அதன் கணக்கு மெல்லத் தப்பும். வாரம் இரண்டு தடவையாவது வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

அட்டைப்பெட்டியில் என்.டி.ஐ.ஆர் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அகச்சிவப்பு ஒளியை வாயு எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கும் வகை அது. இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எம்.க்யூ வகை சென்சார்கள் சானிடைசர் வாசனைக்கே துள்ளும். அவற்றை நம்பிப் பிராஜெக்ட் செய்ய வேண்டாம்.

தொழிற்சாலைப் பக்கம் போகாமல் முட்டம் பாறையில் நின்று காற்றுப் பிடிப்பதில் என்ன பிரயோஜனம்? (குளச்சல்)

நல்ல குத்தல். தொழிற்சாலை வாசலில் நின்று அளந்தால் அந்தத் தொழிற்சாலையைத்தான் அளப்போம். எனக்கு வேண்டியது ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த காற்று. அதற்கு நம் மாவட்டம் போல இடம் அமைவது கஷ்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வீசுவது தெற்கு அரைக்கோளத்தில் புறப்பட்டு, ஆப்பிரிக்கக் கரையோரம் திரும்பி, கடல் மேலேயே வரும் காற்று. டிசம்பர், ஜனவரியில் வட இந்தியாவின் அடுப்பும் ஆலையும் விட்ட மூச்சு வங்கக் கடல் வழியாக இறங்கி வருகிறது. ஒரே பாறையில் நின்றால் போதும், கார்பன் மோனாக்சைடு குளிர்காலத்தில் மழைக்காலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போவதைப் பார்க்கலாம். கோவாவின் கேப் ராமாவில் 1993இலிருந்தே கண்ணாடிக் குப்பிகளில் காற்றுப் பிடித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி அளந்திருக்கிறார்கள். அங்கேயும் இந்த ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரிந்தது.

பிடிக்கும் முறை சாதாரணம்தான். காற்று வரும் பக்கம் பார்த்து நின்று, குழாயைத் தலைக்கு மேலே உயர்த்தி, ஈரம் உறிஞ்சும் மருந்து அடைத்த குழல் வழியாகப் பம்ப் செய்து, இரண்டு குப்பிகளைச் சில நிமிடம் அலசிவிட்டு மூட வேண்டும். திருகை மூடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு குப்பி எதற்கு என்றால், இரண்டிலும் ஒரே எண் வராவிட்டால் இரண்டையும் தள்ளிவிடலாம்.

நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் வெயிலுக்குப் பயந்து ஜனவரிக் காலை ஆறரை மணிக்கே போய்ப் பிடித்து அனுப்பினேன். குப்பி இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் எங்கேயோ நின்றன. ஆய்வகத்திலிருந்து போன்: "சார், அடுப்புக்குள்ள வச்சா குப்பியைத் திறந்தீங்க?" கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது. விடியற்காலையில் நிலக்காற்று கடலைப் பார்த்து ஓடும். பின்னாலிருந்த ஊரின் விறகுப் புகை, எரிந்த ஓலை, தொழுவம் எல்லாவற்றையும் தரையோடு அமுக்கி என் குப்பிக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இப்போது மதியம் இரண்டு மணிக்குத்தான் போகிறேன், கடற்காற்று நன்றாக எழும்பிய பிறகு. குப்பியில் திசையையும் நேரத்தையும் எழுதாவிட்டால் உள்ளே இருக்கும் எண் எதற்கும் உதவாது.

கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப்போட்ட குளத்திலிருந்து வரும் நாற்றம் மீத்தேனா? (தேங்காய்ப்பட்டணம்)

மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. அழுகிய முட்டை போல மூக்கைத் துளைப்பது ஹைட்ரஜன் சல்பைடு. உப்புத்தண்ணீரில் சல்பேட் உண்டு, ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் நுண்ணுயிர்கள் அதைத்தான் மூச்சாக எடுத்துக்கொண்டு இந்த வாயுவை விடுகின்றன. சில பிபிபி இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதே குளத்தில் குமிழ் குமிழாக வருகிறதே, அதில் மீத்தேனும் உண்டு, அது சத்தமில்லாமல் போய்விடும். ஒரு எச்சரிக்கை: ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். "நாற்றம் நின்றுவிட்டது" என்று செப்டிக் டேங்கிலோ பழைய கிணற்றிலோ இறங்கியவர்கள் திரும்பாதது இதனால்தான்.

நெல் போடுகிறவனால்தான் பூமி சூடாகிறது என்கிறார்கள். கும்பப்பூ போகத்தை நிறுத்திவிடலாமா? (விவசாயி, சுசீந்திரம்)

நிறுத்த வேண்டாம் ஐயா, சோற்றுக்கு எங்கே போவது? மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு. மனிதரால் வரும் மீத்தேனில் உலகம் முழுக்க உள்ள நெல்வயல்களின் பங்கு பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மாடுகளும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவும் அதைவிடப் பெரிய கை. ஆனால் வயலில் வருவது உண்மை. தண்ணீர் கட்டிய சேற்றில் உண்டாகும் மீத்தேன் பெரும்பாலும் நெல்லின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாகவே மேலே ஏறுகிறது. பயிரே புகைபோக்கி மாதிரி.

எந்த மீத்தேன் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். கார்பனில் 12, 13 என்று இரண்டு எடை உண்டு. சேற்றிலும் மாட்டு வயிற்றிலும் நுண்ணுயிர் செய்யும் மீத்தேனில் கனமான 13 குறைவு. நிலத்தடி எரிவாயுவில் அதைவிட அதிகம், வைக்கோல் எரித்தால் இன்னும் அதிகம். 2007க்குப் பிறகு உலகக் காற்றில் மீத்தேன் மறுபடி ஏறத் தொடங்கியபோது, அதில் கனமான 13இன் பங்கு குறைந்துகொண்டும் போனது. அதனால் சதுப்பு நிலம், மாடு, வயல், குப்பைமேடு பக்கம் சந்தேகம் திரும்பியது.

உங்களால் முடிந்தது காய்ச்சலும் பாய்ச்சலும்தான். தண்ணீர் வற்றி லேசாக வெடிப்பு காணும்போது அடுத்த நீர் விட்டால், சேற்றுக்குள் ஆக்சிஜன் புகுந்து மீத்தேன் நன்றாகக் குறையும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில் பலர் வேறு வழியில்லாமல் செய்வதும் இதுதான். ஆனால் காய்ந்த கையோடு யூரியாவை அள்ளி வீசினால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். எடைக்கு எடை அது கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 270 மடங்கு சூடாக்கும். உரத்தைப் பிரித்துப் போடுங்கள்.

மணவாளக்குறிச்சி மணலிலிருந்து வாயு வருமா? (பத்தாம் வகுப்பு மாணவன்)

வரும் மக்களே. மணலில் இருக்கும் மோனசைட் என்ற தாதுவில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அது சிதைந்து வரும் வழியில் தோரான் என்ற வாயு பிறக்கிறது. ஆயுள் என்று பார்த்தால் பாவம், 56 நொடிக்கு ஒருமுறை பாதியாகிவிடும், அதனால் மணலை விட்டு அதிக தூரம் போகாது. வெளியே கவலையில்லை. இந்த மணலைத் தரைக்கும் சுவருக்கும் பயன்படுத்திய வீட்டில்தான் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். யுரேனிய வழியில் வரும் ரேடானுக்கு அரை ஆயுள் 3.8 நாள். அது ஊர்ப் பயணம் போகும். கடலிலிருந்து ரேடான் மிகக் கொஞ்சமே வருவதால், என் குப்பிக்குள் வந்தது கடற்காற்றா கரைக்காற்றா என்று சோதிக்க அதைத்தான் கேட்பேன்.

முப்பந்தல் காற்றாலைகள் ஏதாவது வாயு விடுகின்றனவா? (ஆரல்வாய்மொழி)

இறக்கைகள் விடுவதில்லை. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச் கியர்களில் பொறி அடங்க சல்பர் ஹெக்சாஃப்ளோரைடு அடைப்பது வழக்கம். இயற்கையில் கிட்டத்தட்ட இல்லாத வாயு, கிலோவுக்குக் கிலோ கார்பன் டை ஆக்சைடைப் போல 23,000 மடங்குக்கு மேல் சூடாக்கும். காற்றில் இருப்பதோ லட்சம் கோடியில் 11, 12 பங்குதான். அது இல்லாத சுவிட்ச் கியரும் இப்போது வருகிறது.

ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் இரவு படுக்கலாமா? (குலசேகரம்)

கூடாது. ஈர விறகு மூட்டமாக எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கட்டாயம் இருக்கும், கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாது.

செல்போனில் காற்றின் தரம் 'நல்லது' என்று காட்டுகிறது. செயற்கைக்கோளும் மேலே இருக்கிறது. பிறகு எதற்குக் குப்பி? (நாகர்கோவில்)

அந்தக் குறியீட்டில் தூசி, ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு போன்றவைதான் சேர்த்தி. கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் கணக்கிலேயே இல்லை. 2017இல் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோள் மீத்தேனைப் பார்க்கும், ஆனால் மேகத்தைத் துளைத்துப் பார்க்காது. நமக்கு ஜூன், ஜூலையில் மேகம் இல்லாத நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நாளை மதியம் மழை விட்டால் முட்டத்துக்குப் போக வேண்டும், ஒரு திருகு கசிகிறது, அதை முதலில் மாற்றணும்.