நாலரை வயது, மூன்றரை மணி நேரம்

வாசகர் கேள்விகள்: வார இறுதி இசைப் பயிலரங்கு

கேள்வி: மகளுக்கு நாலரை வயது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 9.30 முதல் 1 மணி வரை குழந்தைகளுக்குக் கர்னாடக இசைப் பயிலரங்கு நடத்துகிறார்கள். சேர்க்கலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: பணம் கட்டுமுன் நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்து பாடுவது பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு எழுந்து நடந்தபடி ‘தகதிமி’, ‘தகிட’ என்று தாளச் சொற்கள் சொல்வது, பிறகு வெறுமனே கேட்பது என்று மாறி மாறி வந்தால் சேருங்கள். மூன்றரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு இடைவேளை என்றால் இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.

காலை 8 மணிக்கே டிபனை முடித்துவிடுங்கள். வயிறு முட்ட இருந்தால் மூச்சிழுத்துப் பாட முடியாது. இடைவேளைக்கு வாழைப்பழம் போதும். முறுக்கு, சிப்ஸ் கொடுத்தால் தூள் தொண்டையில் ஒட்டிக்கொண்டு அடுத்த பாடம் இருமலிலேயே கழியும். தரையில் ஜமக்காளம்தான் விரித்திருப்பார்கள். பழைய போர்வை ஒன்றை நாலாக மடித்து அதன் விளிம்பில் உட்கார வையுங்கள். முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும், கால் மரத்துப்போவதும் குறையும்.

நீங்கள் பின்சுவர் ஓரமாக இருங்கள். எதிரே உட்கார்ந்து வாயசைத்துக் கொடுத்தால் குழந்தை ஆசிரியரை விட்டுவிட்டு உங்களையே பார்க்கும்.

கேள்வி: ஆறு வயது மகன் வீட்டில் நன்றாகப் பாடுவான். ஒரு பயிலரங்கில் கத்திக் கத்தி, மாலையில் தொண்டை கட்டிவிட்டது. பனியா, தண்ணீரா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டையும்விடச் சுருதியைத்தான், அதாவது பாட்டுக்கு ஆதாரமாக வைக்கும் ஒலியின் உயரத்தைத்தான், முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த உயரத்தைக் ‘கட்டை’ என்று எண்ணுவார்கள். ஆண் ஆசிரியர் தமக்கு வசதியான 1 கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்துவிடுகிறார். அந்த ஆழத்துக்குக் குழந்தைக் குரல் இறங்காது. ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரையிலான தூரம்) மேலே ஏறிப் பாடும். கீழ் ஸட்ஜமம் (ஸ) சுகமாக இருக்கும். பஞ்சமம் (ப) தாண்டியதும் இழுக்கும், மேல் ஸட்ஜமத்தில் கத்தல்தான். இருபது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது தன் குரல் தனக்கே கேட்காமல் இன்னும் உரக்கக் கத்துவார்கள்.

சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டு உயரத்துக்கும் நடுவில் வரும் 5½, 6 கட்டை ஒத்துவரும்; சிலருக்கு 6½. சோதிப்பது எளிது. சரளி வரிசையின் (‘ஸ ரி க ம’ என்று தொடங்கும் ஆரம்பப் பாடம்) முதல் வரியைப் பாடச் சொல்லிப் பாருங்கள். கீழ் ஸட்ஜமத்தில் தாடை நெஞ்சில் ஒட்டக் கூடாது. மேல் ஸட்ஜமத்தில் தோள் ஏறவோ கழுத்து நரம்பு புடைக்கவோ கூடாது. தாடை ஒட்டினால் அரைக் கட்டை ஏற்றுங்கள், நரம்பு புடைத்தால் இறக்குங்கள். ‘குழந்தைகளுக்கு எந்தக் கட்டையில் சொல்லிக் கொடுப்பீர்கள்?’ என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம். ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேச வைக்காதீர்கள்; பேசாமல் இருக்கட்டும். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்தில் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆதி தாளம் போட்டால் பாட்டு நின்றுவிடுகிறது, பாடினால் தாளம் நின்றுவிடுகிறது. வயது ஐந்து. (வாசகி, மதுரை)

பதில்: அது ஒரு வேலை இல்லை, இரண்டு. அதிலும் தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் என்று லகுவை (தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கை) எண்ணும்போது மோதிர விரலில் மாட்டிக்கொள்ளும். அந்த விரல் பெரியவர்களுக்கே தனியாக எழும்பாது. இப்போதைக்கு விரலை விட்டுவிடுங்கள். தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் தொடையில் ஒரே மாதிரித் தட்டாக இருக்கட்டும். விரல் எண்ணிக்கையைப் பாட்டில்லாமல் விளையாட்டாகத் தனியே பழக்குங்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பெண்ணைப் பறைப் பயிலரங்குக்கு அழைத்துப் போகலாமா? சத்தம் காதைக் கெடுக்குமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள், காதை மூடிக்கொண்டு. வேலையிடங்களுக்கு வகுத்த கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பெரியவர்களுக்கே இவ்வளவு என்றால் குழந்தைக்கு இன்னும் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது. சுவர் சூழ்ந்த கூடத்தில் பத்துப் பறை முழங்கினால் 100-ஐத் தொடுவது பெரிய விஷயமில்லை. பஞ்சு அடைத்தால் போதாது. தலையில் மாட்டும் காது மூடி, குழந்தை அளவில் வாங்குங்கள். திறந்த வெளியில் நடக்கும் பயிலரங்காகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

காதை மட்டும் பார்த்தால் போதாது. இடது கையில் பிடிக்கும் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண் மட்டத்தில் வீசும். இரண்டு கை நீள இடைவெளி விட்டு நிற்க வைக்கிறார்களா என்று பாருங்கள். தோல் தளர்ந்தால் நெருப்பில் காய்ச்சி இறுக்குவார்கள். குழந்தைகள் வேடிக்கை பார்க்க ஓடுவது அப்போதுதான். காய்ச்சி எடுத்த பறையின் விளிம்பும் சுடும். பெரியவர்களின் பறை குழந்தையின் முழங்காலில் இடிக்கும் என்பதால் சிறிய பறை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் நாள் மரப்பலகையில் குச்சிப் பழக்கம் போதும்.

கேள்வி: பயிலரங்கு முடிந்ததும் வாத்தியம் வாங்கிவிடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: மூன்று மாதம் வகுப்புக்குப் போகட்டும், பிறகு வாங்கலாம். வயலின் என்றால் அளவு முக்கியம். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஐந்து வயதுக்கு அநேகமாக 1/8 அல்லது 1/4 அளவு வரும். ‘வளரும் பிள்ளை’ என்று முழு அளவு வாங்கினால் விரல் எட்டாமல் சுருதி விலகியே கேட்கும். மிருதங்கம் வாங்கினால் தொப்பியில் (இடது பக்கத் தோல்) ஒட்டும் ரவைப் பசையை வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் பூச்சி வந்து தோலோடு தின்றுவிடும்.